கெட்டிச்சது யாரு?

விக்கிரமங்கலத்தில் என் பிறந்த வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கொல்லுப்பட்டறை இருந்தது. முன்பக்கம் கொல்லர் கலப்பைக் கொழு அடித்துக்கொண்டிருப்பார். பின்பக்கக் கொல்லையில் அவருடைய தங்கை, புருஷன் போன பிறகு அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தவள், துப்பாக்கிக் குழலில் சிக்கிக்கொண்ட குண்டை எடுத்துக்கொண்டிருப்பாள். இதைச் சொன்னால் என் பிள்ளைகள்கூட நம்புவதில்லை. ஒரு பொம்பளையா, அதுவும் யுத்த காலத்திலா, அதுவும் நம்ம ஊரிலா என்று இழுக்கிறார்கள். நம்பாவிட்டால் போகட்டும். அவள் ஒருநாள் எங்கள் வீட்டுத் துப்பாக்கியைத் தொட மறுத்து உட்கார்ந்திருக்காவிட்டால் இந்தப் பிள்ளைகளே பிறந்திருக்காது.

அவள் பேர் எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. அவள் என்னிடம் மட்டும் சொன்ன ஒன்றை இங்கே எழுதுகிறேன். பேரையும் சேர்த்து எழுதினால் காட்டிக் கொடுத்ததாகிவிடும். ஊரில் எல்லாரும் கொல்லவூட்டம்மா என்றுதான் சொன்னார்கள். நெடுநெடுவென்று உயரம், வெள்ளைப் புடவை, எப்போதும் ஈரம் காயாத கை. நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். சிரித்துப் பார்த்த ஞாபகம் இல்லை. கடுகடுப்பும் கிடையாது. எதிரே இருப்பவர் இன்னும் ஏதோ சொல்லப் போகிறார் என்று காத்திருக்கிற மாதிரி முகம்.

அந்தக் காலத்து நாட்டுத் துப்பாக்கிக்குத் தோட்டா கிடையாது. எல்லாமே குழலின் வாய் வழியாகத்தான் போக வேண்டும். முதலில் மருந்து, அதன்மேல் தேங்காய் நார், அப்புறம் ஈயக்குண்டு. ஒவ்வொன்றையும் நீளமான கம்பியால் இடித்து அடிவரை இறக்க வேண்டும். இதைத்தான் கெட்டிப்பது என்பார்கள். அடியில் பக்கவாட்டில் காது என்று ஒரு துளை. அதன்மேல் கேப்பு என்கிற சின்னச் செம்புத் தொப்பியை மாட்டி விசையை இழுத்தால், குதிரை வந்து அதைத் தட்டும், நெருப்பு காது வழியாக உள்ளே போகும். முந்திரிக் காட்டிலிருந்து பன்றிகள் வந்து கடலைக் கொல்லையைக் கிளறிப் போட்டுவிடும் என்று வசதியுள்ள குடியானவர் வீடுகளில் லைசென்சு வாங்கி ஒன்று மாட்டியிருப்பார்கள். மருந்தை மறந்து வெறும் குண்டை இடித்து இறக்குகிறவர் உண்டு. கெட்டித்ததை மறந்து மறுபடியும் கெட்டிக்கிறவர் உண்டு. துருவேறிய குழலில் குண்டு பாதியில் நின்றுவிடுவதும் உண்டு. அப்படி நின்றுபோன துப்பாக்கியெல்லாம் அந்தக் கொல்லைக்கு வந்து சேரும்.

வந்தவுடன் அவள் துப்பாக்கியைப் பார்க்க மாட்டாள். கொண்டுவந்தவரைப் பார்ப்பாள்.

"கெட்டிச்சது யாரு?"

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் வராதவரை அவள் கை துப்பாக்கியில் படாது. கெட்டித்தவரே நேரில் வர வேண்டும். வந்து, என்ன போட்டோம், எந்த வரிசையில் போட்டோம், எத்தனை இடி இடித்தோம் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். இன்னொருவர் வந்து அவர் இப்படிச் சொன்னார் என்றால் செல்லாது. எங்கள் ஊர் ஆம்பளைகளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேண்டியதில்லை. மருந்து போட மறந்தேன் என்று ஒருவன் ஒப்புக்கொண்டால் அவன் பேரன் கல்யாணம்வரை அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அதனால் முக்கால்வாசிப் பேர் பொய்யோடுதான் வருவார்கள்.

உடையார்பாளையம் பக்கத்து மிராசுதார் ஒருவர் ஆளிடம் கொடுத்தனுப்பினார். அவள் ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டாள். மூன்றாம் நாள் அவரே வில்வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். நான் அப்போது கல்யாணத்துக்கு நின்ற பெண், பட்டறைக்கு அரிவாளைத் தட்டி வாங்கப் போயிருந்தேன்.

"துப்பாக்கிதான் வந்துடுச்சே, நான் எதுக்கு?" என்றார்.

"துப்பாக்கி பேசாதுங்களே."

"எல்லாம் சரியாத்தான் கெட்டிச்சேன்."

"மருந்து எவ்வளவு போட்டீங்க?"

"வழக்கம்போல."

"கையில காட்டுங்க."

அவர் உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார். "எதுல இருந்து கொட்டுனீங்க?" என்றாள். கொம்புக் குடுவை என்றார். "குடுவை அப்ப எங்க இருந்துது?" என்றாள். மனுஷர் யோசித்தார். முகம் மெல்ல மாறியது. குடுவை அன்றைக்கு வண்டியிலேயே இருந்துவிட்டது. மருந்தில்லாமல் குண்டை மட்டும் இடித்து இறக்கியிருக்கிறார். பட்டறை வாசலில் பத்துப் பேர் நின்றோம். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவள் சிரிக்கவில்லை. "இத அன்னிக்கே நீங்க வந்து சொல்லியிருந்தா அன்னிக்கே குண்டு வெளிய வந்திருக்குமேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கம்பியை எடுத்தாள்.

வேலை செய்யும்போது பார்க்க வேண்டும். முதலில் தரையைப் பெருக்குவாள். கேப்பு இருந்தால் கழற்றித் தண்ணீரில் போடுவாள். குழலின் வாயை மண்சுவரைப் பார்த்துத் திருப்பி வைப்பாள். அதன்பிறகு எலியோ கோழியோகூட அந்தப் பக்கம் போகக்கூடாது. ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, நின்ற இடத்தில் கட்டைவிரல் நகத்தால் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்து, அதே கம்பியைக் குழலின் மேலேயே கிடத்திப் பார்ப்பாள். எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். காதைக் கழற்றிக் கொதிக்கிற நீரை ஊற்றி உள்ளிருக்கும் மருந்தைச் சாகடிப்பாள். "செத்துடுச்சா?" என்று தனக்குள் கேட்டுக்கொள்வாள். ஊற்றிய நீர் கறுப்பாகத் திரும்பி வந்து, பிறகு சாம்பல் நிறமாகி, தெளிந்து வரும்வரை நாலு தடவை, ஐந்து தடவை ஊற்றுவாள். அதற்கப்புறம்தான் நுனியில் திருகாணி வைத்த கம்பி. அதை ஈயத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி இறக்குவாள். துப்பாக்கியின் பின்பக்க மரக்கட்டையைப் பிடித்துக்கொள்கிறவர் கெட்டித்தவராகத்தான் இருக்க வேண்டும். குண்டு வெளியே வந்ததும் அவர் கையிலேயே கொடுத்துவிடுவாள். அதுவரை பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள்.

இரண்டு விஷயம் மட்டும் எங்களுக்கு விளங்கவே இல்லை. ஊரில் எந்த வீட்டுக் காதுகுத்துக்கும் அவள் போக மாட்டாள். சொந்த அண்ணன் மகள் காதுகுத்துக்கே கொல்லையில் உட்கார்ந்துவிட்டாள். இன்னொன்று, திருவிழாவுக்கோ சாவுக்கோ எங்காவது துப்பாக்கி வேட்டுச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்து நிற்பாள். அடுத்த வேட்டு கேட்டதும் உள்ளே போய்விடுவாள். அவள் புருஷன் குழல் வெடித்துச் செத்தவர் என்று ஊருக்குத் தெரியும். பாவம், அந்தப் பயம் என்று சொல்லிக்கொள்வோம்.

அவள் இந்த வேலைக்கு வந்ததே அவள் அண்ணனால்தான். புருஷன் செத்த மறுவருடம் சிக்கிய குழல் ஒன்று பட்டறைக்கு வந்ததாம். அண்ணன் நல்ல மனுஷர், ஆனால் எதையும் உலையில் வைத்துத்தான் பழக்கம். சூடு காட்டினால் ஈயம் இளகும் என்று குழலைக் கங்குக்குள் செருகப் போயிருக்கிறார். சமையல் செய்துகொண்டிருந்த தங்கை கரண்டியோடு ஓடிவந்து பிடுங்கிக் கொல்லைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டாளாம். போட்டுவிட்டுத்தான் கேட்டாளாம், "கெட்டிச்சது யாரு?" என்று. அன்றிலிருந்து துப்பாக்கி வந்தால் அண்ணன் உலையை அணைத்துவிட்டு ஏரிக்கரைப் பக்கம் நடந்துவிடுவார்.

எனக்கு வாய்த்த வீடு, கீழப்பழுவூருக்கும் விக்கிரமங்கலத்துக்கும் நடுவே ஒரு சின்ன ஊர். என் வீட்டுக்காரரும் மூத்தாரும், அதாவது அவருடைய அண்ணனும், பாகம் பிரிந்தவர்கள். நிலம் பிரிந்தது. கிணறு பிரியவில்லை. ஒருநாள் எங்களுக்கு, ஒருநாள் அவருக்கு என்று மாடு பூட்டிக் கவலை இறைக்க முறை. எனக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருடம் மழை பொய்த்துவிட்டது. தண்ணீர் கீழே போகப் போக அண்ணன் தம்பிப் பேச்சும் குறைந்துகொண்டே போனது. எங்கள் முறையில் மூத்தார் தன் மாட்டைப் பூட்டிவிட்டார். ஒருதடவை என்றால் மறதி எனலாம். நாலு தடவை.

என் வீட்டுக்காரர் சண்டை போடுகிற ஆளில்லை. சண்டை போட்டிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அவர் பேசுவதையே விட்டுவிட்டார். தட்டில் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் மத்தியானம் துப்பாக்கியை இறக்கித் துடைத்துக் கெட்டித்தார். "இப்ப எதுக்குங்க?" என்றேன். "பன்னிக்கு" என்றார். கடலை பிடுங்கி ஒரு மாதமாகிவிட்டது. கொல்லையில் மிச்சம் இருந்தது கிணற்றடி மிளகாய் மட்டும்தான். மிளகாயைப் பன்றி தொடாது. இது எனக்கே தெரியும்போது அவருக்குத் தெரியாதா?

மறுநாள் அவர் அரியலூர்ச் சந்தைக்குப் போனார். நான் கதவைச் சாத்திக்கொண்டு துப்பாக்கியை இறக்கினேன். அவர் கெட்டிப்பதைப் பலதடவை பார்த்திருக்கிறேன். வாயை அடைத்துவிட்டால் வெடிக்காது என்று நினைத்தேன். குடத்து வாயைத் துணி வைத்து அடைத்தால் தண்ணீர் வராதில்லையா, அவ்வளவுதான் எனக்குப் புத்தி. பழைய அரக்குப் புடவையில் ஒரு முழம் கிழித்து, பையிலிருந்து ஒரு குண்டை எடுத்து அதில் சுற்றி, குழலுக்குள் வைத்துக் கம்பியால் இடித்தேன். பாதி தூரம் போனது. அதற்குமேல் இறங்கவில்லை. இது போதும் என்று சுவரில் மாட்டிவிட்டு, சாமி விளக்கை ஏற்றிக் கும்பிட்டேன். மூத்தாரையும் காப்பாற்றியாகிவிட்டது, இவரையும் ஜெயிலிலிருந்து காப்பாற்றியாகிவிட்டது என்று எனக்கு அன்று பெருமைகூட இருந்தது. அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அதற்கு மூன்றாம் நாள் பட்டப்பகலில் அவர் துப்பாக்கியோடு வீட்டுக்குத் திரும்பி வந்தார். அவர் அதை எடுத்துக்கொண்டு போனதையே நான் பார்க்கவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து கம்பியை உள்ளே விட்டார். எடுத்தார். மறுபடியும் விட்டார்.

"பழைய மருந்து, எடுத்துடலாம்னு பாத்தேன். கம்பி பாதிக்குமேல எறங்க மாட்டேங்குது" என்றார்.

அவர் முகம் வெளிறிக் கிடந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்கு என் பயமே பெரிதாக இருந்தது.

விக்கிரமங்கலத்துக்குத் தனியாகத்தான் போனார். சாயங்காலம் துப்பாக்கியோடு அப்படியே திரும்பி வந்தார். "உங்க ஊர் அம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சு புள்ள. கெட்டிச்சத எல்லாம் சொன்னேன், கம்பிய விட்டு அளந்து பாத்துச்சு. வூட்டுக்காரியையும் கூட்டியாங்கன்னுது. துப்பாக்கிக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். நான் அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தேன். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் வண்டியில் இரண்டு பேரும் போனோம். அவள் கொல்லையைப் பெருக்கி வைத்திருந்தாள்.

"தம்பி, இன்னொருக்கா சொல்லுங்க. கெட்டிச்சது யாரு?"

"நான்தாங்க. ஒரு அளவு மருந்து, நாரு, ஒரு குண்டு. அவ்வளவுதான்."

"சரி. மாட்டை அவுத்து ஏரியில தண்ணி காட்டிட்டு வாங்க. எனக்கு வென்னி கொதிக்கணும்."

அவர் தலை மறைந்ததும் என் பக்கம் திரும்பினாள். அடுப்பில் தண்ணீர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

"நீ சொல்லு ஆயி. கெட்டிச்சது யாரு?"

"அவருதாங்க பெரியம்மா."

அவள் துப்பாக்கியை எடுத்து என் மடியருகே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

"அப்ப எடுத்துட்டுப் போங்க. நான் தொட மாட்டேன். உங்க வூட்டுக்காரரு போற வழியில சுட்டு எடுத்துக்கட்டும்."

"அடைச்சிருந்தா வெடிக்காதுல்லங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது.

"யாரு சொன்னா வெடிக்காதுன்னு?" குரலை உயர்த்தவில்லை. "அடியில மருந்து உசுரோடதான் இருக்கு. நெருப்பு பட்டா அது வெளிய வரத்தான் பாக்கும். முன்னால வழி இல்லன்னா பக்கத்த பொளந்துகிட்டு வரும். எதுத்தாப்புல நிக்கறவனுக்கு ஒண்ணும் ஆவாது. கட்டைய கன்னத்துல சாச்சிகிட்டு, இடது கையால குழல தாங்கிப் புடிச்சிருக்கான் பாரு, அவனுக்குத்தான்."

அவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய்வந்த பகல் கண்முன் வந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கிணறு, மாடு, மிளகாய், சந்தை நாள் எல்லாம். அவள் ஆறுதல் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டாள். துணி ஈரமா காய்ந்ததா? எத்தனை சுற்று? குண்டு ஒன்றா இரண்டா? எத்தனை இடி? நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

"வருசத்துக்கு ரெண்டு மூணு வருது இந்த மாதிரி" என்றாள். "பன்னிக்கு அலையறவன் குழல்ல குண்டு அடியில சிக்கும். பாதியிலயே கம்பி மெத்துன்னு துணியில முட்டுனா வூட்டுப் பொம்பள கை. அதான் கூட்டியாரச் சொன்னேன்."

அதன்பிறகு காதைக் கழற்றித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"நானும் இதத்தான் செஞ்சேன். துணி வைக்கல, களிமண்ண உருட்டி இடிச்சேன். எங்க வூட்டுக்காரருக்கும் அவரு அண்ணனுக்கும் வூடு பாகம் பிரிக்கறதுல பேச்சு நின்னுபோச்சு. துப்பாக்கி கெட்டிச்சபடியே செவுத்துல தொங்கிச்சு. பயந்துகிட்டு அடைச்சேன். அடைச்சுப் பத்து நாள் ஆவல, ரெண்டு பேரும் ராசியாயிட்டாங்க. அண்ணன் புள்ளைக்குக் காதுகுத்து. மொத வேட்டு நான்தான் போடுவேன்னு இவரு துப்பாக்கிய எடுத்துகிட்டுக் கெளம்பினாரு. நான் அடுப்படியில வடை தட்டிகிட்டு இருந்தேன். சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நல்ல நாள்ல, உங்கண்ணன சுட்டுருவீங்கன்னு நெனச்சு அடைச்சேன்னு எப்புடிச் சொல்றது? வெடிக்காது, எல்லாரும் சிரிப்பாங்க, அவ்வளவுதானன்னு இருந்துட்டேன்."

தண்ணீர் கறுப்பாக வந்தது. மறுபடியும் ஊற்றினாள்.

"குழல் பழசு, துரு புடிச்சிருக்கும்னாங்க. நானும் ஆமான்னேன். போலீசு வந்துச்சு. அவரு அண்ணன கேட்டாங்க, ஊர கேட்டாங்க. என்னைய யாரும் கேக்கல. யாராவது ஒருத்தர் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன் ஆயி. பதினாறு வருசம் ஆச்சு."

தெருவில் மாட்டு மணிச் சத்தம் கேட்டது. அவள் அவசரமாகக் கொக்கிக் கம்பியை உள்ளே விட்டுத் துணியின் நுனியைப் பிடித்தாள். கட்டையை என்னைப் பிடிக்கச் சொன்னாள். ஆம், நான்தானே கெட்டித்தவள். துணி உறைந்துபோன மாதிரி இறுக்கமாக வந்தது. கூடவே குண்டும் வந்தது. அரக்கு நிறம் ஈரத்தில் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. அதை என் கையில் வைத்து மூடினாள்.

"நீ அவருகிட்ட உன் வாயால சொல்லணும். இன்னிக்கே. நான் கேக்கறது இது ஒண்ணுதான்."

"அடிப்பாருங்க."

"அடிக்கட்டும். அடிக்க அவரு இருக்காருல்ல?"

அவர் வந்ததும் அடியில் இருந்த பழைய குண்டையும் செத்த மருந்தையும் அவரையே பிடிக்கவைத்து எடுத்துக் கொடுத்தாள். பாதியில் நின்றது என்ன என்று அவர் கேட்டார். "அத உங்க வூட்டுக்காரிகிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்து முடித்தாள்.

வண்டியில் பாதிவழி வரை அவர் கேட்கவில்லை. கேட்கமாட்டார் என்று தெரிந்ததும் நானே மடியிலிருந்து துணியை எடுத்து அவர் முன்னால் வைத்துச் சொன்னேன். எதற்குச் செய்தேன் என்றும் சொன்னேன். உங்கள் மூஞ்சியைத்தான் பிளந்திருக்கும் என்று அந்த அம்மாள் சொன்னதையும் சொன்னேன். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

அவர் மாட்டை நிறுத்தினார். "எப்ப வச்ச?" என்றார்.

"நீங்க சந்தைக்குப் போனன்னிக்கு."

மூக்கணாங்கயிற்றை விட்டுவிட்டு இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் இழுத்துட்டேன் புள்ள" என்றார்.

"என்னத்தங்க?" என்றேன்.

"அண்ணன் நம்ம முறையில கவலை ஓட்டிகிட்டு நின்னாரு. முதுகு என் பக்கம். முப்பதடிகூட இருக்காது. நேரா வச்சு இழுத்துட்டேன். குதிரை விழுந்துச்சு. கேப்பு புடிக்கல." யுத்தத்தில் நல்ல கேப்பு எங்கேயும் கிடைக்காமல், பழசையே வைத்து ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. "அந்தச் சத்தத்துக்கு அண்ணன் திரும்பிப் பாத்தாரு. பாத்துட்டு, 'பன்னியாடா தம்பி?'ன்னாரு. ஆமான்னேன்."

அதைச் சொன்னதும் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். ஒரு ஆம்பளை அப்படி அழுது நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நடுரோட்டில் வண்டி நிற்கிறது. பக்கத்திலேயே துப்பாக்கி வெறுமையாகக் கிடக்கிறது. நான் அவரைக் கொல்லப் பார்த்தவள், அவர் அவருடைய அண்ணனைக் கொல்லப் பார்த்தவர். நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். வேறென்ன செய்வது?

மறுநாள் மூத்தார் எங்கள் வாசலுக்கு வந்து, இனி உன் முறையில் நான் வரமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். பன்றி எங்கே வந்தது, எப்போது வந்தது என்று அவர் மேற்கொண்டு கேட்கவே இல்லை. மிளகாய்க் கொல்லையில் பன்றிக்கு என்ன வேலை என்று அவருக்கும் தெரியும்தானே. இவரும் சொல்லவில்லை. துப்பாக்கியைத் தாலுகா ஆபீஸில் ஒப்படைத்துவிட்டு வந்தார். மூத்தார் இருந்தவரை அண்ணன் தம்பி இருவரும் ஒன்றாகத்தான் சந்தைக்குப் போனார்கள், ஒன்றாகத்தான் திரும்பினார்கள். வழியில் என்ன பேசிக்கொண்டார்களோ எனக்குத் தெரியாது.

ஆடிக்குப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தபோது நான் அந்தக் கொல்லைக்குப் போனேன். அன்று துப்பாக்கி எதுவும் இல்லை. அவள் திருகாணிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சொன்னியா?" என்றாள்.

"சொல்லிட்டேன் பெரியம்மா."

"என்ன சொன்னாரு?"

அவர் விசையை இழுத்ததையும், கேப்பு பிடிக்காமல் போனதையும், மூத்தார் திரும்பிப் பார்த்துக் கேட்டதையும் சொன்னேன். அவள் மிரண்டுபோவாள், அல்லது நல்லகாலம் தப்பித்தீர்கள் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகத்தில் வந்தது பொறாமை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நான் பார்த்தேன்.

"நீ அடைச்சதுக்குக் காரணம் இருந்துருக்கு" என்றாள். "அவரு வாயாலயே உனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"உங்களுக்கும் காரணம் இருந்துச்சுல்லங்க?"

அவள் திருகாணியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அவரு எதுக்குக் கெட்டிச்சு வச்சிருந்தாருன்னு நான் கேக்கலியே ஆயி. எங்க கொல்லையில அப்ப கடலை இருந்துச்சு. பன்னிக்காகவும் இருக்கலாம்."